படி இருந்தால்தானே மலை ஏறலாம்?

புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலுள்ள திருவண்ணாமலையில் எள் போட்டால் எள் விழாது. அருணாசலேசுவரர் வீற்றிருக்கும் வடக்கத்தித் திருவண்ணாமலை அல்ல இது. சீனிவாசப் பெருமாள் குன்றின்மீது நின்றருளும் தெற்கத்தித் திருவண்ணாமலை. தென் திருப்பதி என்று இந்தப் பக்கத்து மக்கள் வாய் நிறையச் சொல்லும் மலை.

இராஜபாளையத்து மில் தொழிலாளி ஏறுகிறார். வத்திராயிருப்புச் சம்சாரி ஏறுகிறார். பால்கோவாக் கடைக்காரர் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஏறுகிறார். பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுபது வயதுப் பாட்டியும் ஏறிவிடுகிறாள். எல்லோருக்கும் பக்தி இருக்கிறது, வாஸ்தவம்தான். ஆனால் பக்தி மட்டும் பாட்டியை மேலே கொண்டு சேர்த்துவிடாது. யாரோ புண்ணியவான்கள் அந்த மலைக்குப் படி வைத்திருக்கிறார்கள்.

சதுரங்க ஆட்டத்திலும் ஒரு மலை உண்டு. அதன் உச்சிக்குக் கிராண்ட்மாஸ்டர் என்று பெயர். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக அந்த மலையடிவாரத்தில் நிற்கிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை, அறிவுக்கும் குறைவில்லை. படி எங்கே இருக்கிறது என்று தேடினால்தான் விசித்திரம் விளங்கும். அது ஸ்டாக்ஹோமில் இருக்கிறது, துபாயில் இருக்கிறது, பிரான்ஸ் தேசத்தில் இருக்கிறது. இராஜபாளையத்தில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில் இல்லை, தென் மாவட்டங்களில் அது காண்பதற்கே அரிதாக இருக்கிறது.

பட்டம் என்பது யாது?

கிராண்ட்மாஸ்டர் என்ற சொல்லை இப்போது பட்டிதொட்டியெல்லாம் அறியும். அது எப்படிக் கிடைக்கிறது என்பதைப் பலர் அறியார்.

உலகச் சதுரங்கச் சம்மேளனம் இந்தப் பட்டத்தை முதன்முதலாக 1950-ஆம் ஆண்டில் 27 பேருக்கு வழங்கியது. ஒருமுறை பெற்றால் ஆயுள் முழுவதும் நிலைக்கும் பட்டம் அது. அதை அடைவதற்கு இரண்டு காரியங்கள் முடிய வேண்டும். ஆட்டக்காரரின் தரப்புள்ளி ஒரு தடவையாவது 2500-ஐத் தொட வேண்டும். அதோடு, 'நார்ம்' என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் தேர்ச்சியை வழக்கமாக மூன்று முறை பெற வேண்டும். அந்தத் தேர்ச்சிகள் மொத்தம் 27 ஆட்டங்களாவது கொண்டவையாக இருக்க வேண்டும்.

இந்த நார்ம்தான் முடிச்சு. பெரும்பாலும் ஒன்பது சுற்றுக் கொண்ட பந்தயத்தில் இது கிடைக்கும். அங்கே 2600 புள்ளிக்காரர் ஆடுவதைப் போல ஆடிக் காட்ட வேண்டும். அது மட்டும் போதாது. எதிரே உட்காருகிறவர்களில் மூவராவது ஏற்கெனவே கிராண்ட்மாஸ்டர்களாக இருக்க வேண்டும். எதிராளிகளில் பாதிப்பேராவது ஏதேனும் ஒரு சர்வதேசப் பட்டம் உள்ளவர்களாக இருக்க வேண்டும். வெளிநாட்டார் சிலரும் இருக்க வேண்டும்.

அதாவது, ஒரு பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் தன் ஊர்க்காரர்களை மட்டும் தோற்கடித்துக்கொண்டு கிராண்ட்மாஸ்டர் ஆகிவிட முடியாது. பட்டக்காரர்கள் அவன் ஊருக்கு வர வேண்டும். இல்லையேல், அவன் அவர்கள் இருக்குமிடத்துக்குப் போக வேண்டும்.

கைப்பேசியில் ஆடி வாங்க முடியாதா என்று கேட்பார்கள். முடியாது. பலகையின் இருபுறமும் இருவர் நேருக்கு நேர் உட்கார்ந்து, நடுவர் பார்த்திருக்க ஆடிய ஆட்டத்துக்கே நார்ம் உண்டு. கைப்பேசி ஆட்டத்தைக் கற்றுத்தரும், பட்டம் தராது.

இருபத்தேழு ஆண்டு இடைவெளி

இந்தியாவில் சர்வதேச மாஸ்டர் என்ற பட்டத்தை முதலில் பெற்றவர் மானுவேல் ஆரோன். 1935-ல் பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 1961-ல் அந்தப் பட்டம் அவருக்குக் கிடைத்தது. 1959 முதல் 1981 வரை ஒன்பது முறை தேசிய சாம்பியனாக விளங்கினார். சதுரங்கத்துக்காக அர்ஜுனா விருது பெற்ற முதல் மனிதரும் அவரே. இத்தனை கீர்த்திக்கும் இடையில் வங்கி உத்தியோகம் பார்த்துத்தான் அவர் ஜீவனம் நடத்தினார்.

1962-ல் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில் உலகின் முன்னணி ஆட்டக்காரர்களுடன் ஆட அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. இருபத்து மூன்று பேர் ஆடிய பந்தயத்தில் அவர் கடைசி இடத்தில் முடித்தார். ஆயினும் அதே பந்தயத்தில் ஹங்கேரியின் போர்டிஷையும், கிழக்கு ஜெர்மனியின் உல்மனையும் தோற்கடித்தார். இருவரும் அக்காலத்து உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் வைத்து எண்ணப்பட்டவர்கள். அவர்களைச் சாய்க்கும் ஆற்றல் உள்ள ஒருவர் கடைசியில் வருவானேன்? ஆற்றல் இருந்தது; பழக்கம் இல்லை. அத்தகைய எதிராளிகளோடு நாள்தோறும் மோதும் சந்தர்ப்பம் அவருக்குச் சொந்த நாட்டில் வாய்க்கவில்லை. ஒன்பது முறை நாட்டை வென்ற அந்த மனிதர் கடைசிவரை கிராண்ட்மாஸ்டர் ஆகவே இல்லை.

ஆனால் அவர் ஒரு காரியம் செய்தார். 1972-ல் சென்னையில், சோவியத் கலாசார மையத்தில், தால் சதுரங்கக் கழகம் தோன்றக் காரணமாக இருந்தார். அந்தக் கழகத்தில் ஆடிப் பழகிய பிள்ளைகளுள் ஒருவர் மாயவரத்தில் பிறந்த விசுவநாதன் ஆனந்த்.

ஆனந்த் 1987-ல் உலக ஜூனியர் சாம்பியன் ஆனார். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பின்னாளில் ஐந்து முறை உலகப் பட்டம் வென்றார். இவையெல்லாம் ஊரறிந்த செய்திகள். ஊர் மறந்த செய்தி ஒன்று உண்டு. முதல் இந்தியக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் நிறைவேறிய இடம் மாஸ்கோ அல்ல, லண்டன் அல்ல. அது கோயம்புத்தூர்! சக்தி பைனான்ஸ் பெயரால் அங்கே நடத்தப்பட்ட சர்வதேசப் பந்தயத்தில்தான் அவர் இறுதித் தேர்ச்சியைப் பெற்றார்.

ஆரோன் பெற்ற பட்டத்துக்கும் ஆனந்த் பெற்ற பட்டத்துக்கும் இடையே 27 ஆண்டுகள். அந்த இடைவெளிக்குப் பல காரணங்கள் உண்டு. அது முடிந்ததற்கு உள்ள காரணங்களில் ஒன்று கொங்கு நாட்டில் யாரோ செலவு செய்து ஒரு பந்தயம் நடத்தியது என்பதை மறுக்க முடியுமா? ஆனந்தின் திறமை ஆனந்துக்கே உரியது. ஆனால் படியைக் கோயம்புத்தூர் வைத்தது.

வடக்கே ஒரு மதுரை

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே எழுபது எண்பது கிலோமீட்டரில் மதுரை. தெற்கே பாண்டி நாடு முடியும் இடத்தில் நாகர்கோவில். இந்த இரண்டு ஊர்களும் ஒவ்வொரு கிராண்ட்மாஸ்டரைத் தந்திருக்கின்றன. இருவரின் வாழ்க்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

மதுரைத் திருநகர்க்காரர் அரவிந்த் சிதம்பரம். 1999-ல் பிறந்தவர். மூன்று வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். காய் நகர்த்தக் கற்றுக் கொடுத்தவர் அவருடைய பாட்டனார். தாயார் உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். பிறகு பயிற்சிக்காகச் சென்னைக்குச் செல்ல நேர்ந்தது.

2013-ல் சென்னையில் ஒரு சர்வதேசக் கிராண்ட்மாஸ்டர் பந்தயம் நடந்தது. பல தேசத்துப் பட்டக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் எல்லோரையும் பின்னால் தள்ளி முதற்பரிசை வாங்கியவர் பதினான்கு வயது அரவிந்த். அப்போது அவர் கிராண்ட்மாஸ்டர் அல்லர். 2015-ல் அந்தப் பட்டமும் வந்தது. 2018-லும் 2019-லும் தேசிய சாம்பியன் பட்டத்தை அடுத்தடுத்து வென்றார்.

அதன்பின் 2024 நவம்பரில் சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் பந்தயம். தமிழக அரசின் ஆதரவில் நடந்தது. அதிலும் அவரே முதல்வர். நான்கே மாதம் கழித்து, 2025 மார்ச்சில், செக் நாட்டுப் பிராக் நகரத்தில் உலகப் பெருந்தலைகள் ஆடிய மாஸ்டர்ஸ் பந்தயத்தையும் வென்று வந்தார்.

கவனிக்க வேண்டியது இதுதான்: அவர் வாழ்க்கையின் இரண்டு பெரிய திருப்பங்களும் சென்னையில் நேர்ந்தன. 2013-ல் பந்தயம் சென்னைக்கு வந்திராவிட்டால், தகப்பன் இல்லாத அந்த மதுரைப் பையன் எந்தத் தேசத்துக்கு, யார் பணத்தில் போயிருப்பான்?

தெற்கே ஒரு நாகர்கோவில்

நாகர்கோவில்காரர் ஷியாம் நிகில். அவர் எட்டு வயதில் ஆடத் தொடங்கினார். 2012-ஆம் ஆண்டுக்குள் 2500 புள்ளியையும் தொட்டுவிட்டார். இரண்டு நார்ம்களையும் சேர்த்துவிட்டார். அப்போது அவருக்கு இருபது வயது. பாக்கி ஒன்றே ஒன்று. ஓரிரு வருஷத்தில் கிடைத்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அந்த ஒன்று கிடைக்கப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று! 2024-ல் துபாய் போலீஸ் மாஸ்டர்ஸ் பந்தயத்தில் ஓர் ஆட்டத்தை வென்று, எட்டு ஆட்டங்களைச் சமன் செய்து மூன்றாவது நார்மைப் பெற்றார். இந்தியாவின் 85-வது கிராண்ட்மாஸ்டர் என்று பத்திரிகைகள் எழுதின. வயது 31.

பன்னிரண்டு ஆண்டு என்பது என்ன? ஒரு குழந்தை முதல் வகுப்பில் சேர்ந்து பள்ளி இறுதி வகுப்பு முடிக்கும் காலம். அத்தனை காலம் ஒரு மனிதர் கதவைத் தட்டிக்கொண்டே நின்றிருக்கிறார். இடையில் காமன்வெல்த் பட்டத்தையும் வென்றார். ஆனாலும் பெயருக்கு முன்னால் அந்த ஒரு சொல் சேரவில்லை. அவருக்குப் பின்னால் ஆடத் தொடங்கிய பாலகர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கிராண்ட்மாஸ்டர்களாகி அவரைத் தாண்டிப் போனார்கள்.

இதில் அதிருஷ்டமும் உண்டு, அவரவர் ஆட்டத்தின் ஏற்ற இறக்கமும் உண்டு. எல்லாப் பழியையும் ஊர்மீது போடுவது நியாயமாகாது. ஆனால் ஒரு கணக்கு உண்டு. வருஷத்துக்கு ஒன்றிரண்டு தகுதியுள்ள பந்தயங்களில் மட்டும் ஆட வசதியுள்ளவனும், ஆறேழு பந்தயங்களில் ஆட வசதியுள்ளவனும் ஒரே அளவு அதிருஷ்டத்தை எதிர்பார்க்க முடியாது. குளத்தில் ஒரு நாள் தூண்டில் போடுகிறவனும், மாதம் முழுவதும் போடுகிறவனும் ஒன்றா?

எங்கெங்கே வாங்கினார்கள்?

சமீபத்திய பெயர்களை வரிசையாகப் பார்த்தாலே போதும். காரைக்குடிப் பிள்ளை பிரணேஷ் 79-வது கிராண்ட்மாஸ்டர் ஆனது 2023 ஜனவரியில், ஸ்டாக்ஹோமில். ஆரோன் கடைசி இடம் பெற்ற அதே நகரம்! சென்னை வைஷாலி 84-வதாக ஆனது அதே ஆண்டு டிசம்பரில், ஸ்பெயின் தேசத்தில். சென்னை ஹரிகிருஷ்ணன் 87-வதாக ஆனது 2025-ல், பிரான்ஸில். ரோகித் கிருஷ்ணா 89-வதாக ஆனது கஜகஸ்தானில். இளம்பரிதி 90-வதாக ஆனது போஸ்னியாவில்.

எல்லோரும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். எல்லோரும் பட்டத்தைக் கடல் கடந்து போய் வாங்கி வந்திருக்கிறார்கள். இதைப் பெருமை என்று சொல்லிக் கொண்டாடுகிறார்கள். பெருமைதான். ஆனால் ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னாலும் விமான டிக்கெட்டு, விசா, விடுதி வாடகை, ஒன்பது நாள் சாப்பாடு, துணைக்குப் போகும் தாய் அல்லது தகப்பனின் செலவு, அவர்கள் போடும் சம்பளமில்லா விடுப்பு என்று ஒரு நீண்ட கணக்கு இருக்கிறது. ஒரு தடவை போனால் நார்ம் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. ஒன்பதாவது நாள், ஐந்தாவது மணி நேரத்தில், ஒரு சிப்பாயைத் தவறாக நகர்த்தினால் அத்தனையும் போயிற்று.

உலக சாம்பியன் பட்டத்தை 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் பதினெட்டு வயதில் வென்ற குகேஷின் வீட்டுக் கதையும் இதுவே. அவர் தகப்பனார் காது மூக்கு தொண்டை மருத்துவர். மகனோடு பந்தயங்களுக்குப் போவதற்காக அவர் தொழிலை நிறுத்தினார். தாயாரின் வருமானத்தில் குடும்பம் நடந்தது. நண்பர்கள் உதவி செய்தார்கள். ஒரு டாக்டர் வீட்டுக்கே மூச்சுத் திணறியது என்றால், விசைத்தறிக் கூலி வாங்கும் தகப்பன் என்ன செய்வான்? சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர் தறியை நிறுத்திவிட்டுப் பிரான்ஸுக்குப் போவாரா?

பட்டம் சோறு போடுமா?

சதுரங்கம் சோறு போடுமா என்று பெரியவர்கள் கேட்பது வழக்கம். கேட்க வேண்டிய கேள்விதான். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்.

சிங்கப்பூர்ப் பந்தயத்தின் மொத்தப் பரிசு 25 லட்சம் டாலர். அது உச்சாணிக் கொம்பு. அந்தக் கொம்பில் உட்காருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1950 முதல் உலகத்தில் சுமார் இரண்டாயிரம் பேர் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பரிசுப் பணத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் அல்லர். சிலர் ஐரோப்பியக் கழகங்களுக்காக ஆடிச் சம்பளம் பெறுகிறார்கள். சிலருக்கு எண்ணெய்க் கம்பெனி, ரயில்வே, வங்கி என்று விளையாட்டுக்காகக் கொடுத்த உத்தியோகம் இருக்கிறது. மற்றவர்கள் பயிற்சி கொடுத்துப் பிழைக்கிறார்கள்.

அப்படிப் பயிற்சி கொடுப்பது இளப்பமான தொழில் அல்ல. ஆர்.பி. ரமேஷ் 2002-ல் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனவர், கிராண்ட்மாஸ்டர். எண்ணெய் நிறுவன உத்தியோகத்தை விட்டுவிட்டு, மனைவி ஆர்த்தியுடன் சேர்ந்து சென்னையில் பயிற்சிக்கூடம் நடத்தினார். அரவிந்த், பிரக்ஞானந்தா, வைஷாலி எல்லோரும் அவரிடம் பாடம் கேட்டவர்களே. குகேஷை உருவாக்கிய விஷ்ணு பிரசன்னாவும் ஒரு கிராண்ட்மாஸ்டர். உலகப் பட்டம் வாங்கியவரின் நிழலில் இப்படிப்பட்ட மனிதர்கள் நிற்கிறார்கள்.

இங்கேதான் பட்டத்தின் மதிப்பு இருக்கிறது. கிராண்ட்மாஸ்டர் என்ற சொல் பெயருக்கு முன்னால் இருந்தால் வெளிநாட்டுப் பந்தயக்காரர்கள் தங்குமிடம் கொடுத்து அழைக்கிறார்கள். மாணவர்கள் தேடி வருகிறார்கள். உத்தியோகத்துக்கு மனுப் போட்டால் மதிப்பு இருக்கிறது. இரண்டு நார்ம் வாங்கியவருக்கும் மூன்று நார்ம் வாங்கியவருக்கும் ஆட்டத் திறமையில் மயிரிழை வித்தியாசம்தான் இருக்கும். வருமானத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே பட்டம் பன்னிரண்டு ஆண்டு தள்ளிப்போவது வெறும் கௌரவக் குறைவு அல்ல. ஒரு மனிதரின் இளமைக் காலச் சம்பாத்தியமே தள்ளிப்போகிறது.

இன்னொன்றும் உண்டு. பட்டம் பெற்றவர் தம் ஊரிலேயே இருந்தால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வாத்தியார் கிடைக்கிறார். பட்டம் தேடி ஊரை விட்டுப் போனவர் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. பொதிகை எக்ஸ்பிரஸ் மாலையில் இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு, விடியும்போது சென்னையில் இறக்கிவிடுகிறது. படிப்புக்குப் போகிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் வரிசையில் இப்போது சதுரங்கப் பலகையைப் பையில் வைத்திருக்கும் பையனும் சேர்ந்துவிட்டான்.

ஆட்சேபங்கள்

"உண்மையான திறமைசாலி எப்படியும் மேலே வந்துவிடுவான்" என்பார்கள். வந்தவர்களை மட்டும் பார்த்துச் சொல்லும் பேச்சு இது. வராமல் நின்றவர்களை யார் எண்ணினார்கள்? ஷியாம் நிகில் பன்னிரண்டு வருஷம் பொறுத்தார்; ஆகையால் அவர் பெயர் தெரிகிறது. நான்காம் வருஷம் பலகையை மடித்துப் பரணில் போட்டுவிட்டு வேலைக்குப் போனவனின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வராது.

"பிள்ளைகள் படிப்பைக் கெடுத்துக்கொள்வார்கள்" என்பது இன்னோர் ஆட்சேபம். இதில் நியாயம் இருக்கிறது. பத்து வயதுப் பையன் நாலு பரிசு வாங்கியதும் பள்ளிக்கூடத்தை நிறுத்துகிற பெற்றோரும் உண்டு. அது சூதாட்டத்துக்குச் சமானம். ஆனால் இந்த ஆட்சேபமே உள்ளூர்ப் பந்தயத்துக்குச் சாதகமாகிறது. ஊருக்குப் பக்கத்தில் விடுமுறையில் பந்தயம் நடந்தால் பிள்ளை படிப்பை விட வேண்டியதில்லை. மாதக்கணக்கில் ஐரோப்பாவில் அலைய நேர்ந்தால்தான் பள்ளி வருகைப் பதிவேட்டில் ஓட்டை விழும்.

"அரசாங்கம் செய்யவில்லையா?" என்று மூன்றாவதாகக் கேட்பார்கள். செய்திருக்கிறது. 2013-ல் பள்ளிகளில் சதுரங்கம் புகுத்தப்பட்டது. ரஷ்யாவில் நடக்க முடியாமற்போன உலகச் சதுரங்க ஒலிம்பியாடை, நான்கே மாத அவகாசத்தில் ஏற்பாடு செய்து 2022 ஜூலை, ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடத்திக் காட்டியது தமிழ்நாடு. உலகமே மூக்கில் விரலை வைத்தது. அந்தப் பந்தயத்தில் குகேஷ் தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்று தம் பலகைக்குரிய தங்கப் பதக்கத்தைப் பெற்றார். இரண்டே ஆண்டில் உலக சாம்பியன் ஆனார்.

ஆக, அஸ்திவாரத்தில் பள்ளிக்கூடச் சதுரங்கம் இருக்கிறது. கோபுரத்தில் ஒலிம்பியாடும் சென்னைப் பெரும் பந்தயமும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஏறுவதற்குத்தான் படிகள் போதவில்லை. அதிலும் சென்னைக்குத் தெற்கே மிகமிகக் குறைவு.

பத்து நாற்காலி, ஐந்து பலகை

படி வைக்க என்ன வேண்டும்? மாமல்லபுரத்துக்கு ஆனதுபோலக் கோடிக்கணக்கான ரூபாய் வேண்டுமா? வேண்டாம்.

நார்ம் கிடைக்கத்தக்க மிகச் சிறிய பந்தயத்துக்குப் பத்தே ஆட்டக்காரர்கள் போதும். ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேரோடும் ஒரு தடவை ஆடுவார்கள். ஒன்பது சுற்று, மொத்தம் 45 ஆட்டங்கள். பத்துப் பேரில் சில கிராண்ட்மாஸ்டர்கள், வெளிநாட்டார் சிலர், மீதி நம் பிள்ளைகள். பத்து நாற்காலி, ஐந்து மேஜை, ஐந்து பலகை, ஐந்து கடிகாரம், அங்கீகாரம் பெற்ற நடுவர், அமைதியான ஒரு கூடம். அழைத்து வருகிறவர்களுக்குப் போக்குவரத்துச் செலவு, தங்குமிடம், சாப்பாடு, கொஞ்சம் சன்மானம். இவ்வளவுதான்.

இராஜபாளையத்தில் மண்டபங்களுக்குக் குறைவா? 1936-லேயே நூற்பாலை கண்டு தொழில் வளர்த்த ஊர் அது. சிவகாசி பட்டாசிலும் அச்சிலும் நாடெங்கும் பெயர் எடுத்தது. கோயில் திருவிழாவுக்கும் அன்னதானத்துக்கும் அள்ளிக் கொடுக்கும் கைகள் இந்தப் பக்கத்தில் ஏராளம். திருமண மண்டபத்தில் ஒரே நாள் அலங்காரத்துக்கு ஆகும் செலவைக் கண்ணால் பார்த்தவர்கள், ஒன்பது நாள் சதுரங்கத்துக்கு ஆகும் செலவைப் பெரிது என்று சொல்ல மாட்டார்கள்.

ஒரு தடவை நடத்தி, மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு மறந்துவிட்டால் பிரயோஜனம் இல்லை. மதுரை ஓர் ஆண்டு, விருதுநகர் மாவட்டம் அடுத்த ஆண்டு, திருநெல்வேலி, நாகர்கோவில் என்று முறை வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் நடத்த வேண்டும். அரசு விளையாட்டுத் துறை பாதிச் செலவை ஏற்கலாம். தொழிலதிபர்கள் பாதியை ஏற்கலாம். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இரண்டு இடமாவது ஒதுக்க வேண்டும். அந்த இடங்கள் செல்வாக்கினால் அல்லாமல் மாவட்டப் பந்தயத்தில் ஜெயித்துக் கிடைப்பதாக இருக்க வேண்டும்.

அப்போது இன்னொரு நன்மையும் விளையும். அந்த ஒன்பது நாளும் கூடத்தின் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் சிறுவர்கள் இருப்பார்கள். ஒரு கிராண்ட்மாஸ்டர் நாலைந்து மணி நேரம் நாற்காலியை விட்டு நகராமல் தலையைப் பிடித்துக்கொண்டு யோசிப்பதை அவர்கள் நேரில் காண்பார்கள். தோற்றபின் எதிராளியின் கையைக் குலுக்கி, எந்த இடத்தில் தவறு நேர்ந்தது என்று அவரோடு சேர்ந்து ஆராய்வதையும் காண்பார்கள். எந்தக் கைப்பேசியும் இந்தப் பாடத்தைச் சொல்லித் தராது.

திருவண்ணாமலைக்கு முதன்முதல் படி வைத்தவர், எத்தனை பேர் இதில் ஏறி உச்சியை அடைவார்கள் என்று கணக்குக் கேட்டிருந்தால் வேலையே நடந்திராது. சிலர் பாதியில் உட்கார்ந்துவிடுவார்கள், சிலர் திரும்பிவிடுவார்கள். அது அவரவர் கால் பலம். படி இல்லாததால் அடிவாரத்திலேயே நிற்க நேர்ந்தது என்ற குறை மட்டும் யாருக்கும் இருக்கக் கூடாது.

கோயம்புத்தூர் அன்று ஒரு படி வைத்தது. நாட்டுக்கு ஓர் ஆனந்த் கிடைத்தார். சென்னை 2013-ல் ஒரு படி வைத்தது. மதுரைப் பையன் பிராக் வரை ஏறினான். இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் எப்போது வைக்கப் போகின்றன?